எதிர்ச்சால்

ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாக எழுதிக் கொடுக்கலாமா என்று பூமாலை கேட்டபோது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞன் அவள் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தான்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டு நடந்த வேலைவாய்ப்பு முகாம் அது. ஆன்லைனில் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று திண்டிவனம் புறவழிச்சாலையில் கிடங்கு திறக்கிறது, அடுத்து விழுப்புரம் பக்கத்திலும் ஒன்று வரப்போகிறது, ஆயிரம் பேருக்கு மேல் வேலை என்று வாசலில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படித்த பிள்ளைகள் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே பெருமுக்கல் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒன்பது பெண்கள், களை எடுக்கப் போகிற மாதிரியே தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஆளுக்கு ஒரு ஃபார்ம்தாம்மா. தனித்தனியாத்தான் எடுப்பாங்க."

"தனித்தனியாவே எழுதிக் குடுக்கறோம் சார். ஆனா எடுத்தா ஒம்போது பேரையும் எடுக்கணும். ஒருத்திய உட்டாலும் மீதிப் பேரு வர மாட்டோம். அத்த எங்க எழுதறது?"

இளைஞன் படிவத்தை மேலும் கீழும் பார்த்தான். அதற்கென்று இடம் எதுவும் இல்லை.

"பின்னாடி வெள்ளையாத்தான கீது? அங்க எழுது சார்" என்றாள் இருதயமேரி.

அவன் சிரித்துவிட்டு, தானே பேனாவை எடுத்து ஒன்பது படிவங்களின் பின்பக்கத்திலும் பூமாலை சொன்னபடி எழுதினான். தீபாவளிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. கம்பெனிக்கு ஆள் அவசரம். பத்து நாளில் ஒன்பது பேருக்கும் கைப்பேசியில் அழைப்பு வந்தது. தான் போட்ட நிபந்தனைக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறது என்று பூமாலை உறுதியாக நம்பினாள்.

பூமாலைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கிளியனூர் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ராயப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ராயப்பன் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவன். வீடு இருந்த இடத்தைத் தவிர அவர்களுக்கு நிலம் என்று ஒரு சென்ட் கிடையாது. வந்த பத்தாம் நாள் மாமியார் ஒரு களைக்கொத்தைக் கையில் கொடுத்து, "இது ஒன்னுது. எவ கேட்டாலும் இரவல் குடுக்காத" என்று சொல்லிக் களை எடுக்கக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். அந்தக் களைக்கொத்தின் பிடி இருபத்தைந்து வருடத்தில் அவள் உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்துபோயிருந்தது. வேறு யார் பிடித்தாலும் வழுக்கும்.

அவள் கூட்டத்துக்குத் தலைவி ஆனதற்குத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. முன்பு தலைவியாக இருந்தவள் மகள் வீட்டோடு போய்விட்ட மறுநாள், நிலத்துக்காரர் சீனுவாசன் வீட்டு ஆள் வந்து நாளைக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டான். எல்லாரும் பூமாலையின் முகத்தைப் பார்த்தார்கள். "ஒம்போது" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் காலையில் "எறங்குங்கடி" என்று சொல்வதும், பொழுது சாய்ந்தால் "ஏறுங்கடி" என்று சொல்வதும் அவள் உரிமை ஆனது. அந்த இரண்டு சொல்லையும் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நிலத்துக்காரரே சொன்னாலும் வரப்பிலிருந்து ஒருத்தியும் அசைய மாட்டாள்.

மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், களை எடுக்க ஆளுக்கு நாலு செடிவரிசை, நாலு சால் என்று பிரித்துக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே வரப்பிலிருந்து தொடங்குவார்கள். கை வேகம் உள்ளவள் எதிர் வரப்பை முதலில் தொடுவாள். தொட்டவள் அங்கே நிழல் தேடி உட்காரக் கூடாது. உடம்பைத் திருப்பி, யார் பின்தங்கியிருக்கிறாளோ அவளுடைய சாலை அந்த முனையிலிருந்து பிடித்துக்கொண்டு வர வேண்டும். இருவரும் நடுவில் எங்கேயோ சந்திக்கிற இடத்தில் அந்தச் சால் முடியும். எதிர்ச்சால் பிடிப்பது என்று அதற்குப் பெயர். யாரும் கேட்டு வருவதில்லை, வந்ததற்கு யாரும் நன்றி சொல்வதும் இல்லை. குனிந்தபடி நகர்ந்துகொண்டிருப்பவளுக்கு, மஞ்சள் பூ விட்ட செடிகளுக்கு இடையில் முதலில் எதிரே வரும் இரண்டு கைகள் தெரியும். அப்புறம் வளையல் சத்தம். அப்புறம்தான் முகம்.

பெரும்பாலும் பின்தங்குகிறவள் இருதயமேரிதான். அவள் பேசாமல் இருந்ததில்லை. பேசினால் அவள் கை நின்றுவிடும். ஆனால் அவள் பேச்சு அப்படி இருக்கும். மாதா கோயில் தேரில் ஏறிய ஆட்டுக்குட்டியின் கதை, மரக்காணம் சந்தையில் கணவனைத் தொலைத்துவிட்டு வேறு ஒருவன் சட்டையைப் பிடித்து வீடு வரை இழுத்துவந்த பெண்ணின் கதை என்று அவளிடம் தீரவே தீராது. கை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, யார் எப்படி நடந்தார்கள் என்று நடித்துக் காட்டுவாள். அதனால் எதிர் வரப்பை முதலில் தொட்டவர்களுக்குள் போட்டியே நடக்கும். மேரிக்கு எதிரே யார் வருவது என்று. நடுவில் சந்திக்கிறவளுக்குத்தான் கதையின் முடிவு முதலில் கிடைக்கும்.

பதினாறு வருடத்துக்கு முன் ஒருநாள். சீனுவாசனின் மூன்று ஏக்கர் கொல்லை. மேரிக்குக் காலில் முள் தைத்துச் சீழ் பிடித்திருந்தது. துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். பத்து மணி வாக்கில் சீனுவாசன் வந்து வரப்பில் நின்று பார்த்தார்.

"நொண்டிய எதுக்கு இட்டாந்தீங்க? அரை ஆளு வேலகூட ஆவல. அவள ஊட்டுக்கு அனுப்பு, பூமாலை."

பூமாலை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. கையில் இருந்த களையை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஏறுங்கடி."

ஒன்பது பேரும் வரப்பேறிப் பனைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அந்த நேரம் பார்த்து சீனுவாசனின் மகள் அஸ்வினி, ஒன்பது வயதுப் பெண், தேநீர் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். தினமும் அவள்தான் கொண்டுவருவாள். அவர்கள் கொண்டுவந்த டம்ளர்களில் எட்ட நின்று ஊற்றுவாள். அன்று ஆளில்லாத கொல்லையையும் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரையும் பார்த்துவிட்டு, வாளியைக் கீழேயும் வைக்காமல் அப்படியே நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது. அடுத்த நாள் மழை வரும்போல இருந்தது. களை அப்படியே கிடந்தால் என்ன ஆகும் என்று சீனுவாசனுக்குத் தெரியும்.

"எறங்கச் சொல்லு" என்றார் கடைசியில்.

"மேரியையும் சேத்துதான?"

"சேத்துதான். எறங்கச் சொல்லு."

"எறங்குங்கடி" என்றாள் பூமாலை.

அந்த ஒரு சொல்லை அவ்வளவு ருசியாக அவள் அதற்கு முன்போ பின்போ சொன்னதில்லை. இத்தனைக்கும் வெயிலும் முட்டி வலியும் நகக்கண்ணில் மண்ணும்தான் அந்த வேலை. பின்னால் அந்த வேலை போனபோது அதற்காக யாரும் அழவில்லை. களைக்கொல்லி மருந்து வந்தது. முதுகில் டிரம் மாட்டிய ஓர் ஆள் காலையில் இரண்டு மணி நேரத்தில் மூன்று ஏக்கரையும் அடித்து முடித்துவிட்டுப் போனான். வருடா வருடம் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கடைசியாக ஒரு வருடம் யாருமே கூப்பிடவில்லை.

அந்த ஒரு வருடத்தில்தான் பூமாலை பயந்தாள், தனக்காக அல்ல. மேரியின் கணவன் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மகன் திருப்பூரில். பேச ஆள் இல்லாத வீட்டில் மேரி பேச்சையே விட்டுவிட்டாள். போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "சாப்டியாடி?" என்றால், "ஆங்" என்பாள். எந்தக் கதையும் வராது. ஊர் முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு வாய் கிடைக்காது, அது இப்படி மூடிக்கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பூமாலை வீடு திரும்புவாள். முகாம் நடக்கிறது என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனபோது அவள் முதலில் ஓடியது மேரி வீட்டுக்குத்தான்.

கிடங்கு அவர்கள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. சீனுவாசனின் கொல்லையைப் போல ஐந்தை உள்ளே போட்டுக் கூரை வேய்ந்த மாதிரி. உயர உயரமாக ரேக்குகள். நடுவில் நேர்நேரான சந்துகள்.

"ஏ பூமாலை, இதுவும் சால்தான்" என்றாள் மேரி முதல் நாளே. "இன்னா, குனிய வாணாம்."

கையில் ஒரு ஸ்கேனர். எந்தச் சந்து, எந்த ரேக், எந்தத் தட்டு என்று அது சொல்லும். போய்ப் பொருளை எடுத்து ஸ்கேனரில் காட்டினால் பீப் என்று சத்தம் வரும். டிராலியில் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எட்டாவது வரை படித்திருந்த பூமாலைக்கு எண்கள் சிரமமில்லை. ஆங்கில எழுத்துகளைக் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மலர்விழி சொல்லிக்கொடுத்தாள். மலர்விழிதான் கூட்டத்தில் இளையவள், இருபத்தொன்பது வயது. இறந்துபோன அம்மாவின் இடத்துக்கு வந்தவள். காது கேளாமல் பிறந்த மகளுக்குக் கம்பெனி கார்டை வைத்து ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தாள்.

அந்த முதல் மூன்று மாதங்களைப் பூமாலை இப்போதும் நினைத்துக்கொள்வாள். காலையில் பஸ் ஏறினால் திண்டிவனம் வரும்வரை மேரியின் வாய் ஓயாது. ஓட்டுநர்கூடச் சில இடங்களில் பஸ்ஸை மெதுவாக ஓட்டினார், கதை முடியட்டும் என்று. கேன்டீனில் நீளமான மேசை. மேலாளரும் அங்கேதான், பெருக்குகிறவரும் அங்கேதான், எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் தட்டு.

அந்த மேசையில்தான் அஸ்வினியை எதிரே பார்த்தாள். பி.காம். முடித்துவிட்டு அவர்கள் பகுதிக்கு டீம் லீடராக வந்திருந்தாள். சின்ன வயதில் 'பூமாலை' என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பெண். இப்போது தட்டை வைத்துவிட்டு, "தண்ணி இந்தப் பக்கம் தள்ளுங்கக்கா" என்றாள். பூமாலைக்கு, 'பாப்பா' என்ற சொல் வாய்வரை வந்து நின்றது.

"இந்தாங்க மேடம்."

அதற்குமேல் இருவரும் பழசைப் பேசவில்லை. தெரிந்தவர்கள் என்றே காட்டிக்கொள்ளவும் இல்லை. எதனால் என்று இருவருக்குமே தெரியும்.

மணிக்கு எண்பது பொருள் எடுக்க வேண்டும் என்பது கணக்கு. சுவரில் ஒரு பெரிய திரை. மணிக்கொரு தரம் அதில் பெயர்கள் வரும். எண்பதைத் தாண்டினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மலர்விழி நூற்றிருபது எடுப்பாள். பூமாலை நூற்றைத் தொடுவாள். மேரியின் பெயர் மட்டும் ஐம்பத்திரண்டு, ஐம்பது என்று சிவப்பிலேயே கிடந்தது. சந்துகளில் அவள் பேசுவதற்கு ஆள் இல்லை. ஆனாலும் கை ஏறவில்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இதை யார் வாங்கியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் பார்ப்பாள்.

ஆறு மாத டிரயலில் சிவப்பிலேயே இருப்பவர்களை நிறுத்திவிடுவார்கள் என்று அஸ்வினி கூட்டத்தில் அறிவித்தாள். அன்று மாலை டீ முடிந்து வந்ததும் மலர்விழி திரையைப் பார்த்தாள்.

"அத்தே, மேரி பெரிம்மா செவப்புல கீது. நாம ரெண்டு பேரும் நம்ம கணக்க முடிச்சிட்டோமே."

பூமாலைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப திரும்பு" என்றாள்.

மலர்விழி நேராகப் போய் மேரியின் கையிலிருந்த ஸ்கேனரை வாங்கிக்கொண்டு, தன்னுடையதை அவளிடம் கொடுத்தாள். மேரி பெயரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கேனரில் ஒன்றரை மணி நேரம் மலர்விழி எடுத்தாள். மறுநாள் பூமாலை. அதற்கடுத்த நாள் வேறொருத்தி. அவரவர் முறை வந்தது. அதிகமாக எடுத்தவர்கள் கொஞ்சம் இறங்கினார்கள், மேரி பச்சைக்கு ஏறினாள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. நடுச்சந்தில் நின்று, எல்லார் கண்ணுக்கும் தெரிய மாற்றிக்கொண்டார்கள். மாற்றிக்கொள்ளும்போது மேரி ஒரு கதையை அவசரமாகச் சொல்லி அனுப்புவாள்.

"ஜல்தி சொல்லுடி, நேரமாவுது" என்று பூமாலை கடிந்துகொள்வாள். ஆனால் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

அஸ்வினி இரண்டொரு முறை அந்தச் சந்து வழியாகப் போனாள். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சரியான வேலை நடக்கிறது, அதனால்தான் மேடம் ஒன்றும் சொல்லவில்லை என்று பூமாலை நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் முடிகிற சமயத்தில் மேலாளர் ராஜ்குமார் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கோபமாகப் பேசத் தெரியாதவர். ஒன்பது பேரும் உள்ளே கொள்ளாமல் கதவு வரை நின்றார்கள். அஸ்வினி சுவரோரம் நின்றாள். ராஜ்குமார் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு கோடு. நாள் முழுக்கத் தரையோடு தரையாகப் போய், மாலையில் சட்டென்று எழும்பி நின்றது.

"யம்மாடி, பெருமுக்கல் மலை மாதிரியே கீது" என்றாள் மேரி.

"இது உங்க கணக்குதாம்மா. தினமும் டீக்கு அப்புறம் மட்டும் ரெண்டு மடங்கு வேகம் வருது. எப்படி?"

மேரி பதில் சொல்வதற்குள் பூமாலை முன்னால் வந்தாள். அவளுக்கு இது பெருமையான விஷயமாகத்தான் இருந்தது.

"அது நாங்க சார். எங்களது முடிஞ்சதும் திரும்பி அவுளுது புடிப்போம்."

"அவங்க லாகின்லயா?"

"அவ மிஷின்ல சார். அவுளுதுதான குறையுது?"

ராஜ்குமார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலை செய்வது கம்பெனியில் பெரிய தவறு, கொடுத்தவர், வாங்கியவர் எல்லாரையுமே நிறுத்த வேண்டியிருக்கும் என்று மெதுவாக விளக்கினார். பூமாலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேசையை ஒட்டி வந்து நின்றாள்.

"ஒம்போது பேரும் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்துதான சார் வந்தோம்? நீங்களும் ஒத்துக்கினுதான எடுத்தீங்க? ஃபார்முக்குப் பின்னாடி எழுதியிருக்கும், பாருங்க."

அவர் தேடிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தது படிவத்தின் முன்பக்கம் மட்டும்.

யாரையும் தெரியாத கூட்டத்தில் வழி தவறிய குழந்தையைப் போல் பூமாலை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அஸ்வினி தொண்டையைச் செருமினாள்.

"சார், இவங்கள எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். எங்க கொல்லையில இவங்கதான் களை எடுத்தாங்க." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "முடிச்சவங்க வரப்புல உக்கார மாட்டாங்க சார். திரும்பி வந்து அடுத்தவங்களோடதப் புடிப்பாங்க. இங்கயும் அதத்தான் செஞ்சாங்க. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்லாம இருந்தேன். நோட்டீஸ் கொடுக்கணும்னா எனக்குத்தான் முதல்ல கொடுக்கணும்."

பூமாலை அவளைப் பார்த்தாள். தேநீர் வாளியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்ற அதே முகம்.

ராஜ்குமார் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். சென்னையில் யாரிடமெல்லாம் பேசினாரோ தெரியாது. மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டார். எட்டுப் பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. அஸ்வினிக்கும் ஒன்று, அந்த வருடம் அவளுக்கு வர இருந்த பதவி உயர்வு வராது. மேரியைப் பொறுத்தவரை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. விழுப்புரம் கிடங்கு அடுத்த வாரம் திறக்கிறது. அங்கே ரிட்டன் மேசைக்கு ஆள் வேண்டும். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் சாமானைப் பிரித்துப் பார்த்து, ஏன் வந்தது, நல்லதா கெட்டதா என்று பதிகிற வேலை. நின்ற இடத்தில் வேலை. அவள் பெயரை அஸ்வினிதான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"ஆனா அவங்க மட்டும்தான்" என்றார் ராஜ்குமார். "அங்க ஒரு இடம்தான் இருக்கு."

எட்டுப் பேரும் பூமாலையைப் பார்த்தார்கள். அவளைத் தலைவி ஆக்கிய அன்று பார்த்த அதே பார்வை. அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஏறுங்கடி. சொன்னால் எட்டுப் பேரும் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது. மலர்விழியின் கை கார்டின் மேல் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தாள். கழற்றுவதற்கா, கழற்றாமல் இருப்பதற்கா என்று சொல்ல முடியவில்லை. அவள் மகளின் ஆபரேஷனுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. வெளியே இறங்கினால் வந்து திரும்பக் கூப்பிட அங்கே எந்தக் களையும் முளைத்துக் கிடக்கவில்லை. சாலையில் போகிற யாரையும் அவர்கள் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

பூமாலை வாய் திறக்கவில்லை.

தலைவி ஆன நாளிலிருந்து முதல் முறையாக, சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"நா போறேன் சார்" என்றாள் மேரி. பிறகு பூமாலை பக்கம் திரும்பினாள். "இன்னாடி மொகத்த அப்டி வச்சிக்கினு நிக்கற? விழுப்புரம்தான போறேன், வெளிநாடா போறேன்?"

அன்று மாலை பஸ்ஸில் பூமாலை மேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெருமுக்கல் மலை தெரிந்த திருப்பத்தில் பூமாலைதான் மெதுவாகச் சொன்னாள்.

"நா ஏறுன்னு சொல்லலியே, மேரி."

"சொல்லியிருந்தா ஒன்ன அங்கயே நாலு அற அறஞ்சிருப்பேன்." மேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "மலர்விழி பொண்ணுக்குக் காது கேக்க வாணாமா? என் கதைய அது எப்பத்தான் கேக்கறது?"

பூமாலைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மேரி போன பிறகு எட்டுப் பேரும் பச்சையிலேயே இருந்தார்கள். டீ முடிந்ததும் பூமாலையின் உடம்பு தானாகத் திரும்பும். பிடிக்க எதிரே சால் இருக்காது. மறுபடி தன் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். மணிக்கு நூறு, நூற்றைந்து. பஸ் சீக்கிரமே திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநருக்கு மெதுவாக ஓட்டக் காரணம் எதுவும் இல்லை. மேரி விடிகாலை ஷிப்ட் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவாள். இவர்கள் திரும்பும்போது தூங்கியிருப்பாள். மறுபடி அந்த வாய் மூடிக்கிடக்கிறதோ, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளோ என்று பூமாலைக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் மேரிக்கு வேலை. கைப்பேசியில் கூப்பிட்டால், "வேல கீதுடி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள்.

சித்திரையில் இவர்களுக்கு மத்தியான ஷிப்ட் மாற்றினார்கள். மரக்காணம் சாலையில் ஓரிடத்தில் சிறுபாலத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொடியைக் காட்டி ஒரு பக்கத்து வண்டியை நிறுத்தி மறுபக்கத்து வண்டியை விடுவார்கள். முதல் நாள் மூன்று மணி வாக்கில் இவர்கள் பஸ் அங்கே நின்றது. பாலத்தைத் தாண்டி எதிரே வந்த பஸ்ஸும், முன்னால் ஒரு லாரி திணறியதால், இவர்களை ஒட்டி நின்றது. ஜன்னலில் முதலில் தெரிந்தது இரண்டு கைகள்தான். காற்றில் எதையோ அளந்து, மடித்து, பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த கைகள். அப்புறம் கண்ணாடி வளையல். அவளைச் சுற்றி நாலைந்து புதுப் பெண்கள், இருக்கையில் உட்காராமல் குனிந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேரி!"

"ஏ பூமாலை! ஒனக்குத்தான்டி இத்த சொல்லணும்னு இருந்தேன்!" மேரி பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். "ரெண்டு மாசமா அந்த மேசைல நின்னுக்கினு இன்னான்னா பாக்கறேன் தெரியுமா? ஒவ்வொரு பொட்டியும் ஒரு கத. நேத்து ஒரு பட்டு வேட்டி ரிட்டன் வந்துச்சி. மாப்ள வேட்டி. பிரிச்சாக்க உள்ள ஒரு சீட்டு, கூடவே ஒரு செருப்பு. ஒத்தச் செருப்பு, பொம்பள செருப்பு..."

"சீட்டுல இன்னா எழுதியிருந்துச்சி?" என்று மலர்விழி கத்தினாள்.

எட்டுப் பேரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பஸ் சாய்ந்துவிடும் என்று ஓட்டுநர் சத்தம் போட்டார்.

"அதான்டி விசயமே! அந்தச் சீட்டுல..."

கொடி அசைந்தது. இரண்டு பஸ்ஸும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. மேரி எதையோ சொல்லிக்கொண்டே போனாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன, செருப்பைத் தூக்கிப் போடுவதுபோல ஒருமுறை, தலையில் அடித்துக்கொள்வதுபோல ஒருமுறை.

பூமாலை இருக்கையில் உட்கார்ந்தாள். நெஞ்சில் இத்தனை நாள் இருந்த அந்த அரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, அந்தப் புதுப் பெண்களைப் பார்த்து.

"அத்தே, தலைல அடிச்சிக்கினுச்சே பெரிம்மா, அது மாப்பளையா, பொண்ணா?" என்றாள் மலர்விழி.

"பொண்ணுதான். செருப்பு அவுளுதுதான?"

"சும்மா இரு. மாப்ளதான் சீட்ட எழுதியிருப்பான்."

அன்று மாலை கிடங்கில், இரண்டு பேர் டிராலியோடு எதிரெதிரே வருகிற ஒவ்வொரு சந்திலும் அந்தச் சண்டை நடந்தது. அந்தப் பக்கமாக வந்த அஸ்வினி நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பூமாலையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சாம்?"

"நாளைக்கி மூணு மணிக்குத்தான் தெரியும், பாப்பா" என்றாள் பூமாலை. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று உறைத்தது. அஸ்வினி திருத்தவில்லை.